குருதிநாளத்தைக் காட்டும் ஒளி: மூச்சுக்குழல் அகநோக்கியின் வரலாறும் சேலம் – நாமக்கல் சமவெளியின் நெஞ்சக நோய்ச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

மூச்சுக்குழலின் உட்புறத்தை நேரில் காணும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அன்று ஆடியில் திருப்பிய கதிரவன் ஒளியே மருத்துவருக்குத் துணையாக இருந்தது. இன்று குருதியின் நிறப்பொருள் உறிஞ்சும் இரு அலைநீளங்களை மட்டும் பாய்ச்சிச் சளிச்சவ்வின் நுண்நாளங்களைப் பிரித்துக் காட்டும் குறுகிய ஒளிப்பட்டைப் படிமமுறை வழக்கிற்கு வந்துள்ளது. இம்முறை உருவான வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. புகைபிடிப்போரின் தொடக்கநிலைப் புற்றுநோயைக் கண்டறிய ஜப்பானில் வகுக்கப்பட்ட நாளக் குறிகள், காசநோயும் தொழில்தூசியும் அடுப்புப் புகையும் ஒன்றுகூடும் சேலம் – நாமக்கல் சமவெளியில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூச்சுக்குழல் அகநோக்கி, குறுகிய ஒளிப்பட்டை, நுண்நாளம், காசநோய், நுரையீரல் புற்றுநோய், சேலம், நாமக்கல்.

முன்னுரை

‘காசம்’ என்னும் வடசொல்லின் முதற்பொருள் இருமல் என்பதே. தமிழில் அது இன்று ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் விளைவிக்கும் நோயின் பெயராகிவிட்டது. அதே நோய் சயம் எனவும் எலும்புருக்கி எனவும் வழங்கியது. இவற்றுள் ஒரு பெயர் இருமலைச் சுட்டுகிறது. மற்றவை உடல் தேய்வதைச் சுட்டுகின்றன. நோய் தங்கும் இடத்தைச் சுட்டும் பெயர் இவற்றுள் ஒன்றுமில்லை. நெஞ்சின் உள்ளே நிகழ்வதைக் காண வழியில்லாத காலத்தில், வெளியே கேட்ட ஒலியும் துப்பிய சளியும் மெலிந்த உடலுமே நோயின் அடையாளங்களாயின. இருமலோடு இரத்தம் வந்தால் அது காசமே என்னும் முடிவு மக்களிடையே மட்டுமன்றி மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலைத்தது.

இம்முடிவு பெரும்பாலும் சரியாக இருந்தது. எல்லா வேளையிலும் அன்று. நுரையீரல் புற்றுநோயாளர் பலர் முதலில் காசநோயாளர் எனக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் அதற்குரிய மருந்தை உண்டபின் காலங்கடந்து புற்றுநோய் மருத்துவரை அடைவதை இந்திய மருத்துவ ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன. மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள குருதிநாளங்களின் வடிவைக் கண்டு நோயை வேறுபடுத்தலாம் என்னும் நம்பிக்கை இப்பின்னணியிலேயே முதன்மை பெறுகிறது. அந்நம்பிக்கைக்கு வரலாறு தரும் அடிப்படையையும் விதிக்கும் எல்லையையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆடியும் விளக்கும்

இலண்டனில் வாழ்ந்த இசையாசிரியர் மனுவேல் கார்சியா 1854-இல் சிறு ஆடியைத் தம் தொண்டைக்குள் செலுத்தி, மற்றோர் ஆடியால் கதிரவன் ஒளியை அதன்மேல் திருப்பித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். பாட்டுக் குரல் பிறக்கும் விதத்தை அறிவதே அவர் வேட்கை. எனினும் தொண்டை மருத்துவத்தின் கருவி மரபு அம்முயற்சியிலிருந்தே வளர்ந்தது. 1895-இல் பெர்லினின் ஆல்ஃபிரட் கிர்ஸ்டைன், ஆடியின் துணையின்றிக் குரல்வளையை நேராகக் காணும் முறையை வகுத்தார்.

1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன், ஓர் உழவரின் வலது மூச்சுக்கிளைக் குழலில் சிக்கிய எலும்புத் துண்டை உலோகக் குழாய் வழியாக வெளியே எடுத்தார். மூச்சுக்குழல் அகநோக்கலின் தொடக்கமாக மருத்துவ வரலாறு இந்நிகழ்வையே கொள்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஷெவாலியர் ஜாக்சன் குழாயின் உள்முனையிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்தினார். வெளியிலிருந்து உள்ளே செலுத்தப்பட்ட ஒளி இவ்வாறு காணவேண்டிய இடத்திற்கே சென்றது. மூச்சுக்குழலிலிருந்தும் உணவுக்குழலிலிருந்தும் அவர் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கினால் அதன் எண்ணெய் சளிச்சவ்வைக் கடுமையாக அழற்சியுறச் செய்வதை அவர் தனியே விளக்கினார். நிலக்கடலை விளையும் சேலம் – நாமக்கல் வட்டாரக் குழந்தை மருத்துவர்க்கும் அது அயலான செய்தியன்று.

இக்காலத்து அகநோக்கி பெரும்பாலும் சிக்கியதை எடுக்கும் கருவி. உட்சுவரின் நிறமோ நாளமோ அதன் முதல் நோக்கமன்று. வளையாத உலோகக் குழாய் பெரிய கிளைகளைத் தாண்டிச் செல்லாது என்பதும், நோயாளிக்கு அது பெருந்துன்பம் தந்தது என்பதும் அதன் இயல்பான எல்லைகள்.

2. வளையும் ஒளி

குழாய் வளைய வேண்டுமாயின் ஒளியும் வளைய வேண்டும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் இணைந்து, நுண்ணிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியாகப் படிமத்தைக் கடத்திக் காட்டிய ஆய்வு 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இவ்வொளியிழையைக் கொண்டு இரைப்பையைக் காணும் கருவியை அமெரிக்காவில் உருவாக்கினார்.

மூச்சுக்குழலுக்கு ஒளியிழையைக் கொண்டுவந்தவர் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஷிகெட்டோ இகெடா. அவர் 1966-இல் கோபன்ஹேகனில் நடந்த உலக நெஞ்சக நோய் மாநாட்டில் வளையும் அகநோக்கியை அறிமுகம் செய்தார். இளமையில் காசநோயால் வருந்தியவர் இகெடா; அவர் கருவி பிறந்ததோ புற்றுநோய் மருத்துவமனையில். போருக்குப் பிந்தைய ஜப்பானில் காசநோய் குறைந்து நுரையீரல் புற்றுநோய் மேலெழுந்த மாற்றத்தை இவ்விரு செய்திகளும் ஒருங்கே காட்டுகின்றன எனலாம். 1980-களில் இழைக்கற்றையின் இடத்தை மின்னணுப் படக்கூறு பெற்றது. ஒருவர் கண் மட்டும் கண்ட காட்சி திரையில் பலரும் காணும் படமாயிற்று. பதிந்து வைக்கவும் ஒப்பிடவும் இயன்றது. நாளங்களின் வடிவை வகைப்படுத்தும் ஆய்வு இம்மாற்றத்திற்குப் பின்னரே இயல்வதாயிற்று.

3. குருதியின் நிறமாலை

குருதி எவ்வொளியை உறிஞ்சுகிறது என்பதை அறிவியல் முன்பே அறிந்திருந்தது. 1862-இல் ஜெர்மானிய வேதியியலர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் குருதி நிறப்பொருளின் நிறமாலையை விளக்கினார். 1883-இல் சுவிட்சர்லாந்தின் ழாக்-லூயி சோரே, ஊதா நிறப்பகுதியில் அதன் மிகவலிய உறிஞ்சலைக் கண்டார். அவ்வறிவு உடலின் உள்ளே பயன்பட ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

புற்றுக்கட்டி வளரத் தனக்கெனப் புதிய குருதிநாளங்களை உருவாக்கிக்கொள்கிறது என்னும் கருதுகோளை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார். நாளத்தின் பெருக்கமும் வடிவமாற்றமும் கட்டிக்கு முன்னறிவிப்பாகலாம் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவரில் ஸ்டீபன் லாம் குழுவினர் தன்னொளிர்வு அகநோக்கியைக் கொண்டுவந்தனர். நீல ஒளி பட்டால் இயல்பான சளிச்சவ்வு பச்சையாக ஒளிரும். நோயுற்ற இடம் அவ்வொளிர்வை இழந்து சிவந்த நிறமாகத் தோன்றும். வெள்ளொளியில் தப்பிய இடங்கள் பலவற்றை இது காட்டியது. ஆயினும் அழற்சியும் தழும்பும் அவ்வாறே ஒளிர்விழந்ததால், புற்றல்லாதவையும் புற்றென ஐயுறப்பட்டன.

குறுகிய ஒளிப்பட்டைப் படிமமுறை இக்குறையை வேறு வழியில் அணுகியது. ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனப் பொறியாளர் கசுஹிரோ கோனோ, தேசியப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்களுடன் இணைந்து 1990-களின் இறுதியில் இதனை உருவாக்கத் தொடங்கினார். 2000-த்தின் நடுப்பகுதியில் அது மருத்துவமனைகளுக்கு வந்தது. வெள்ளொளியை வடிகட்டி 415 நானோமீட்டர் அளவிலான நீலத்தையும் 540 நானோமீட்டர் அளவிலான பச்சையையும் மட்டும் பாய்ச்சுவதே இதன் அடிப்படை. இவ்விரண்டும் ஹீமோகுளோபின் உறிஞ்சும் அலைநீளங்கள். நீல ஒளி மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகச் செல்வதில்லை. ஆதலால் சளிச்சவ்வின் மேற்படலத்து நுண்நாளங்கள் பழுப்பு நிறக் கோடுகளாகத் தெளிகின்றன. பச்சை சற்று ஆழம் செல்லும். கீழுள்ள பெரிய நாளங்கள் நீலப்பச்சையாகத் தோன்றுகின்றன. சாயம் பூசுவதோ ஊசி வழி மருந்து செலுத்துவதோ இல்லை. ஒளியைக் கூட்டாமல் குறைப்பதாலேயே காட்சி தெளிகிறது.

4. நாளத்தின் வடிவும் நோயின் படியும்

அமெரிக்காவின் கொலராடோவில் ராபர்ட் கீத் குழுவினர் 2000-இல், நெடுங்காலம் புகைபிடித்தோரின் மூச்சுக்குழல் மேற்படலத்துக்குள் நுண்நாளங்கள் வளைந்து புகுந்து மேலெழும் ஒரு முன்புற்று நிலையை விளக்கினர். செதிள்படலம் இயல்பு திரிந்து, புதுநாளமும் கூடிய நிலை அது. சிபா பல்கலைக்கழகத்தின் கியோஷி ஷிபுயா 2003-இல் உருப்பெருக்க அகநோக்கியோடு குறுகிய ஒளிப்பட்டையை இணைத்து, அந்நிலையின் நாள வளைவுகளை நோயாளியின் மூச்சுக்குழலிலேயே கண்டறிந்தார். மேற்படலத்தில் மேலெழும் நாள வளைவின் நுனி புள்ளியாகத் தெரிகிறது. நோய் முற்றும்போது நாளங்கள் சுருளாகவும் திருகாகவும் மாறுகின்றன என்பது அவர் குழுவினர் பின்னர் வகுத்த முறை.

2009-இல் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஹெர்த் குழுவினர் இருமுறைகளையும் ஒப்பிட்டனர். தன்னொளிர்வு முறை மிகுதியாகக் கண்டறிந்தது. குறுகிய ஒளிப்பட்டை முறை புற்றல்லாததைப் புற்றெனச் சுட்டும் பிழையைக் குறைத்தது. இரண்டையும் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிட்டவில்லை.

இவ்வகைப்பாடுகள் எவரிடமிருந்து பெறப்பட்டன என்பது நோக்கத்தக்கது. கடும் புகைபழக்கம் உடையோர், சளியில் ஐயத்துக்குரிய செல்கள் காணப்பட்டோர், முன்னரே புற்றுக்குச் சிகிச்சை பெற்றோர் ஆகியோரே இவ்வாய்வுகளின் மையம். ஒரு குறியின் நம்பகத்தன்மை அக்குறி தேடப்படும் மக்கள்தொகையைச் சார்ந்தது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ‘சிவந்து நாளம் பெருகிய இடம்’ என்பதற்கு மருத்துவர் முதலில் நினைக்கும் காரணமும், சேலத்தில் நினைக்கும் காரணமும் ஒன்றல்ல.

5. சமவெளியின் நெஞ்சக நோய்ச் சூழல்

இந்தியாவில் நெஞ்சக நோய் மருத்துவம் காசநோயைச் சுற்றியே வளர்ந்தது. டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் 1937-இல் அரசின் வசமாயிற்று. சேலம் – நாமக்கல் சமவெளிக்கு மேற்கே பெருந்துறையிலும் காசநோய் சானடோரியம் இருந்தது. அவ்வளாகத்தில்தான் பின்னர் போக்குவரத்துத் தொழிலாளரின் பங்களிப்போடு மருத்துவக் கல்லூரி எழுந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு இப்போக்கை மாற்றியது. 193 நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவர்தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைத் தந்து கவனித்தனர். சானடோரியத்தில் இருந்தோர்க்குக் குறிப்பிடத்தக்க மேன்மை ஏதும் இல்லை என்பது 1959-இல் வெளியான முடிவு. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாற இது வழிவகுத்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமும் சளிச் சோதனை, வீட்டிலிருந்தே மருந்து என்னும் இரு தூண்களின்மேல் நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு விளைவு பெறப்படுகிறது. ஜப்பானில் அகநோக்கி புற்றுநோயின் தொடக்கத்தைத் தேடும் கருவியாக முன்னணிக்கு வந்தது. இங்கோ சளிச் சோதனை விடைதராதபோது நாடப்படும் கருவியாக அது பின்வரிசையில் நின்றது. ஊரகத்தில் இருமல் கண்ட ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையம், சளிச் சோதனை, எக்ஸ்ரே, மருந்து ஆகியவற்றைக் கடந்தும் குணமாகாத நிலையிலேயே அகநோக்கும் மருத்துவரை அடைகிறார். அப்போது அவர் மூச்சுக்குழல் பல அழற்சிகளின் தழும்பைச் சுமந்திருக்கும்.

சமவெளியின் தொழில்களும் இத்தழும்பிற்குக் காரணமாகின்றன. சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் சுரங்கங்கள், மலையடிவாரக் கல்குவாரிகளும் கல்லுடைக்கும் ஆலைகளும், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள், பள்ளிபாளையம் – குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், இராசிபுரம் – ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைகள் ஆகியவை ஆயிரக்கணக்கானோர்க்கு வாழ்வளிப்பவை. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி நார்த்திசுவை உண்டாக்கும். சிலிக்கா நோயுற்றோர்க்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதும் உறுதிப்பட்ட உண்மை. பஞ்சுத்தூசியும் பறவைத்தூசியும் வெவ்வேறு வகை அழற்சிகளைத் தருவன.

பெண்களின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. புகைபிடிக்காத பெண்கள் பல்லாண்டு விறகடுப்பின்முன் அமர்ந்து சமைத்ததால், மூச்சுக்கிளைகளில் கரும்படிவு ஏறி, குழல் சுருங்கிச் சிதையும் நிலை இந்தியாவில் பரவலாகப் பதிவாகியுள்ளது. கொரியாவில் இது காசநோயோடு தொடர்புறுத்திப் பேசப்பட்டது. அகநோக்கியில் காணும்போது இக்கரும்படிவு நாளங்களை மறைக்கும். சுருங்கிய கிளை கட்டியெனவும் மயக்கும். புகைபழக்கம் இல்லை என்பதால் இப்பெண்களிடம் புற்றுநோய் ஐயம் எழுவதே தாமதமாகிறது.

6. ஒளி காட்டுவதும் காட்டாததும்

மேற்கண்ட சூழலில் நாளப் படிமத்தின் பொருளை மூன்று நிலைகளில் வைத்து ஆராயலாம்.

முதலாவது, காசநோய். மூச்சுக்குழல் காசநோயைக் கொரிய மருத்துவர்கள் 2000-இல் அகநோக்கித் தோற்றத்தால் ஏழு வகையாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று வீங்கிக் குருதி மிகுந்து சிவந்த வகை. மற்றொன்று கட்டிபோல் தோன்றும் வகை. அழற்சி உள்ள இடத்தில் நாளம் பெருகுவது உடலின் பொது விதி. எனவே பெருக்கம் மட்டும் புற்றுக்குச் சான்றாகாது. பெருக்கம், வளைவு, புள்ளி, திருகு என்னும் வடிவ வேறுபாட்டையே மருத்துவர் பார்க்க வேண்டும். அதன் பின்னும் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும்; காசநோய்க் கிருமிக்கான சோதனையையும் உடன் செய்ய வேண்டும். எவ்விடத்தில் திசு எடுப்பது என்பதை இவ்வொளி சுட்டும். எடுத்த திசு எந்நோயுடையது என்பதைச் சொல்லாது.

இரண்டாவது, இரத்தப்போக்கு. நுரையீரலுக்கு இருவகைக் குருதியோட்டம் உண்டு. இருமலில் வரும் பெருமளவு இரத்தம் பெரும்பாலும் உயரழுத்தமுடைய மூச்சுக்கிளைத் தமனிகளிலிருந்து வருவது. அவை சுவரின் ஆழத்தில் உள்ளவை. மேற்படல நுண்நாளங்களைக் காட்டும் நீல ஒளி அவற்றை எட்டாது. 1970-களில் பிரான்சின் ழாக் ரெமி வகுத்த தமனி அடைப்பு முறையே அவ்விடத்தில் உயிர்காப்பது. எனினும் ஓர் இடர் உண்டு. சளிச்சவ்வின் அடியில் இயல்புக்கு மீறிப் பருத்த தமனி கிடந்து, மேலே சிறு புடைப்பாக மட்டும் தெரியும் டியூலஃபாய் நோய் மூச்சுக்குழலில் 1995-இல் முதன்முறை விளக்கப்பட்டது. அதனைக் கட்டியெனக் கருதித் திசு எடுத்தால் உயிரிழப்பு நேரலாம். திசு எடுக்குமுன் ஒளிப்பட்டையை மாற்றிப் பார்த்தல் இத்தகைய புடைப்பின்மேல் ஐயத்தை எழுப்பலாம். உறுதிப்படுத்த டாப்ளர் கேளாஒலியும் சி.டி. நாளப்படமும் வேண்டும். மருத்துவரின் கையைத் தக்க நேரத்தில் தடுப்பதும் ஒரு கருவியின் பயனே.

மூன்றாவது, புற்றுநோயின் வகைமாற்றம். நாளக் குறிகள் வகுக்கப்பட்டவை நடுமூச்சுக் கிளைகளில் தோன்றும் செதிள்வகைப் புற்றுக்கு. உலகெங்கும், அண்மைக்கால இந்திய மருத்துவமனை ஆய்வுகளிலும், நுரையீரலின் விளிம்பில் தோன்றும் சுரப்பிவகைப் புற்றின் பங்கு உயர்ந்துவருகிறது. அவ்விடத்தை அகநோக்கி எளிதில் எட்டாது. குறைந்த கதிரளவுச் சி.டி. சோதனையால் புகைபிடிப்போரின் நுரையீரல் புற்று இறப்பு 20 விழுக்காடு குறைந்ததை 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியபின், தேடுதலின் மையமும் அங்கே நகர்ந்தது. காசநோய்த் தழும்பு மிகுந்த மக்களிடம் சி.டி. முறையும் ஐயப்புள்ளிகளை மிகுதியாகக் காட்டும் என்பதால், அகநோக்கியின் தேவை இங்கு முற்றும் நீங்கிவிடவில்லை.

7. கருவியும் படிப்போரும்

சேலத்தில் 1986-இல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நெஞ்சக நோய்த் துறைகள் இவ்வாறு நோயாளியின் ஊருக்கு அண்மையில் வந்துள்ளன. ஒளிப்பட்டையை மாற்றும் வசதியும் இன்றைய உயர்நிலை அகநோக்கித் தொகுதிகளில் ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது. ஒலிம்பஸ் அன்றிப் பிற நிறுவனங்களும் இதனையொத்த முறைகளைத் தருகின்றன.

எனவே இனிவரும் தேவை படிமத்தைப் படிக்கும் பயிற்சியும் அதற்கான உள்ளூர்ப் பதிவுமாகும். காசநோயுற்ற குழல், தூசிபடிந்த குழல், அடுப்புப்புகை ஏறிய குழல், புற்றுக்குழல் ஆகியவற்றின் நாள வடிவங்களைத் திசு முடிவோடு சேர்த்துத் தொகுத்தால்தான் இச்சமவெளிக்குரிய அளவுகோல் உருவாகும். நோயாளி செய்த தொழிலையும் சமைத்த அடுப்பையும் அத்தொகுப்பு குறிக்க வேண்டும். ரிக் வண்டியில் பிற மாநிலங்களில் பாறை துளைத்துவிட்டு ஊர் திரும்பிய தொழிலாளியின் நெஞ்சக வரலாறு எக்ஸ்ரே படத்தில் மட்டும் அடங்குவதன்று.

முடிவுரை

கதிரவன் ஒளி, முனை விளக்கு, ஒளியிழை, மின்னணுப் படக்கூறு, வடிகட்டிய இருநிற ஒளி என வளர்ந்த அகநோக்கியின் வரலாற்றில் ஒவ்வொரு படியும் அவ்வக்காலத்து ஒரு வினாவுக்கு விடையாக எழுந்தது. குறுகிய ஒளிப்பட்டை முறை, புகைபிடிப்போரின் செதிள்வகைப் புற்றைத் தொடக்கத்திலேயே காண எழுந்த வினாவின் விடை. சேலம் – நாமக்கல் சமவெளி எழுப்பும் வினா வேறு: நெடுநாள் இருமி இரத்தம் துப்பும் ஒருவரின் நோய் காசமா, புற்றா, தூசியா, புகையா, அல்லது இவற்றுள் இரண்டு சேர்ந்ததா? அவ்வினாவுக்கு நாளப் படிமம் தனித்து விடைதராது. திசு எடுக்கத் தக்க இடத்தைச் சுட்டவும், எடுக்கத் தகாத இடத்தில் எச்சரிக்கவும் அது உதவும். காசநோய் மருந்தால் குணமாகாத நோயாளியை உரிய காலத்தில் அகநோக்கலுக்கு அனுப்பும் நடைமுறை அமையாவிடில், இவ்வுதவியும் காலங்கடந்தே கிட்டும். 1956-இன் சென்னை ஆய்வு தன் மக்களிடமே தன் வினாவைக் கேட்டு உலகுக்கு விடை தந்தது. அம்முறையில் உள்ளூர்ச் சான்றுகளைத் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க ஆய்வாகும்.